வாட்டர் அல்ல, வாரழ்

இன்று காலை ஓர் அமெரிக்கக் கிழவரை ‘ஹனி’ என்று கூப்பிட்டுவிட்டேன்.

ஆறடிக்குக் குறையாத ஆள். தலையில் தொப்பி, கழுத்தில் கேமரா. ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, அதன் இரும்புக் கதவைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். என் வாய் என்னிடம் உத்தரவு கேட்கவில்லை. “நோ நோ, ஹனி. ஹாட் ஹாட்,” என்று சொல்லி, அந்தப் பெரிய கையை மெல்லத் தட்டியும் விட்டேன், அடுப்புப் பக்கம் தவழ்ந்து போகிற பிள்ளையின் கையைத் தட்டுவதுபோல.

கூட்டம் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு அவருடைய மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து தானே அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை என்று மற்றவர்களிடம் சொன்னார். கிழவர் காது மடல்வரை சிவந்து, “இந்த இங்கிலீஷ் உனக்கு யார் கற்றுக் கொடுத்தது?” என்று கேட்டார்.

“மை வைஃப்.”

“ஓ. எந்த ஸ்டேட்?”

“எஸ்டேட், சார். டீ எஸ்டேட்.”

அவர் எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரியாமல் நின்றார். எனக்கும் அவர் கேட்டது தங்கள் நாட்டு மாநிலத்தை என்பது பஸ் கிளம்பிப் போன பிறகுதான் உறைத்தது. அதற்குள் நீயே பக்கத்தில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “அவர் ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு சொல்றீங்களே செல்வியப்பா,” என்று சொன்னதுபோல் இருந்தது. உலர்த்தும் அறையின் வாடை அப்போது மூக்கில் ஏறியது. வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழையும்போது, “டீத்தூள் வந்திருச்சு, இனி அந்த ஆளும் வந்திருவாரு,” என்பாயே, அதே வாடை. அதுதான் உட்கார்ந்து இதை எழுத வைக்கிறது.

உன் இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரியில் சொல்லி முடிக்க எனக்கு இன்னும் வரவில்லை. நம் மலை டவுன் தானா ராத்தா பக்கம் அமெரிக்கப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்த காலம் அது. அங்கே பாடம் நடத்திய புருஷன் பெண்டாட்டிக்கு இரண்டு பையன்கள். நீ கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அந்த வீட்டில் ஆயாவாக இருந்தாய். குளிப்பாட்டினாய், ஊட்டினாய், தூங்க வைத்தாய். அந்த அம்மா பிள்ளைகளோடு பேசியதும், பிள்ளைகள் உன்னோடு பேசியதும்தான் உன் காதில் விழுந்த இங்கிலீஷ். புத்தகத்தில் ஒரு எழுத்துகூடப் படித்ததில்லை. அது படித்து வந்த பாஷை இல்லை, ஊட்டி வந்த பாஷை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பள்ளிக்கூடம் மலையை விட்டு இறங்கிப் போனது. அந்தக் குடும்பமும் போனது. சின்னவன் உன் சேலையைப் பிடித்துக்கொண்டு காரில் ஏற மாட்டேன் என்றான் என்பாய். அதோடு கதையை நிறுத்திவிட்டு ஏதாவது பாத்திரத்தைத் தேடிக்கொண்டு எழுந்து போய்விடுவாய். முதுகில் கூடையோடு கொழுந்து எடுக்கத் திரும்பினாய். பாஷை மட்டும் உன்னை விட்டு இறங்கவில்லை. கோழியைக் கூட்டில் அடைக்கும்போது “கம் ஆன், ஸ்வீட்டி” என்பாய். செல்வி சாப்பிட அடம் பிடித்தால் “ஓப்பன் வைட்” என்பாய். லைன் வீடுகளில் உனக்கு ‘அமெரிக்காக்காரி’ என்று பெயர். அதில் கேலி பாதி, பொறாமை பாதி.

எனக்கு எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. என் இங்கிலீஷ் முழுவதும் இயந்திரங்களின் மேல் எழுதியிருந்தது. ஸ்டாப், ஸ்டார்ட், டேஞ்சர். பெயின்ட் உரிந்த இடத்தில் எனக்கு இங்கிலீஷ் தெரியாது.

தமிழிலும் எனக்கு ஓர் எழுத்துக் குறைவு. ழ வராது. மழை எனக்கு மளைதான், பழம் பளம்தான். வாத்தியார் ரோத்தான் பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு, கிழவனும் வாழைப்பழத் தோலும் வருகிற அந்த வாக்கியத்தைச் சொல்லச் சொல்வார். என் கிழவன் ஒவ்வொரு தடவையும் கெளவனாகத்தான் விழுவான். விழுந்த அடியெல்லாம் என் உள்ளங்கையில்.

அது பெரிய குறையாக எனக்குத் தெரிந்தது உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றுதான். உன் அப்பா தமிழ்ப் பேப்பரை வரி விடாமல் படிக்கிற மனிதர். சாமி பெயர் வேண்டாம், நல்ல தமிழ்ப் பெயராக இருக்கட்டும் என்று தேடி உனக்கு வைத்திருந்தார். அந்தப் பெயரின் நட்டநடுவில் ஒரு ழ உட்கார்ந்திருந்தது. “பொண்ணு பேரு தெரியுமா மாப்ள?” என்று ஆசையாகக் கேட்டார். சொன்னேன். அவர் முகம் பல் வலி வந்ததுபோல் ஆனது.

“மாப்ள, பொண்ணத் தரேன். பேரக் கொன்னுராதீங்க. வேணும்னா கூப்பிடாமலே வெச்சுக்குங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். முதலில் ‘இந்தா’ என்றேன். செல்வி பிறந்த பிறகு ‘செல்வியம்மா’ என்றேன். நீயும் ஊர் வழக்கப்படி என் பெயரைச் சொன்னதில்லை. அதனால் கணக்கு சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது நான் ஃபேக்டரியில் சல்லடை அறையில் இருந்தேன். உலர்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கிற இடம். எந்நேரமும் பழுப்புப் புகைபோல் தூசி. இருமல் பிடித்தது, விடவில்லை. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, தூசியில் இனி நிற்கக் கூடாது என்றார். சல்லடையை விட்டால் எனக்கு ஃபேக்டரியில் வேறு வேலை இல்லை. என் வேலை போனால் லைன் வீட்டையும் விட வேண்டும். கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று மாரிமுத்து சொன்னான். தெரியும்தானே அவனை, எனக்கு எதிர்ப் பக்கம் நின்று சல்லடை பிடித்த மாரிமுத்து.

“அங்கன போனா இருமல் போயிரும் மச்சான். தக்காளிக்கு ஏது தூசி லா?”

வீட்டில் வந்து சொன்னேன். செல்வி அப்போது மூன்றாம் பாரம், அரசாங்கப் பரீட்சை எழுதுகிற வருஷம். நீ அரிசி களைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்: “இருமல் மட்டுமா போகும்? இவ படிப்பும் அந்த பஸ்ஸுலயே ஏறிப் போயிரும்.”

அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட் மேனேஜரான துரை ஓர் ஆள் தேடினார். வெள்ளைக்காரர் விட்டுப் போன நாற்காலி என்றாலும் துரை நம் ஊர்க்காரர்தான். எஸ்டேட்டுக்கு வெளிநாட்டுக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு ஃபேக்டரியைச் சுற்றிக் காட்ட ஒருவன் வேண்டும். தூசியில் நிற்க வேண்டியதில்லை, வெளுத்த சட்டை, வாயால் செய்கிற வேலை. நான் போய் நின்றேன். துரை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒனக்கு இங்கிலீஷ் வருமா?”

“வரும் துரை. வீட்ல இருக்கு.”

நான் சொன்னது உன்னை. அவர் ஏதோ புத்தகம் என்று நினைத்திருக்க வேண்டும். “அடுத்த சனிக்கெளம ஒரு பஸ்ஸு அமெரிக்கா ஆளுங்க வராங்க. நீ காட்டு, பாப்போம். சரியா வரலன்னா நான் டவுன்ல ஆள் எடுத்துக்கறேன்,” என்றார்.

நம் சமையலறையில் நடந்த அந்தப் பாடத்தை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கு தானாக மடிகிறது. வெளியே மழை. செல்வி மேசையின் ஒரு முனையில் வீட்டுப்பாடம், நான் மறு முனையில்.

“எங்க, வாட்டர் சொல்லுங்க.”

“வாட்டர்.”

“ட்ட-ன்னு ஏன் ஆணி அடிக்கிறீங்க? ர-ன்னு வழுக்கி விடுங்க. வாரர்.”

“வாரர்.”

“கடைசியில அந்த ர் வேணாம். நாக்க மடிச்சு மேல தூக்குங்க. ஆனா எங்கயும் ஒட்டக் கூடாது. வாரழ்.”

“மடிக்கிறதுக்கு அது என்ன வேட்டியா?”

“வேட்டி மட்டும் நீங்களா மடிக்கிறீங்க? அதயும் நாந்தான் மடிக்கிறேன்.”

செல்வி பென்சிலைக் கடித்துக்கொண்டே எங்களைப் பார்த்தாள். “அம்மா, அது ழ-ம்மா. அப்பாக்குத்தான் ழ வராதே.”

உன் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. இத்தனை வருஷம் அந்த இங்கிலீஷைப் பேசியும் உனக்கே அது அப்போதுதான் தெரிந்தது. வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாய், வாரழ், ஷுகழ், மதழ். “அட, ஆமா. நம்ம ழ தான் இது. அந்தம்மா வாயில நாள் பூரா இதத்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு.”

“அப்ப கம்போங் ராஜாவுக்கு லோரி சொல்லிறலாம்,” என்றேன் நான். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். யாரும் சிரிக்கவில்லை. செல்வி புத்தகத்தைப் பார்த்தாள். எழுத்து எதையும் அவள் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். குலா மலாக்காவில், நம் கருப்பட்டிக்குத் தம்பிபோல் இருக்குமே, அதில் மிளகளவு கிள்ளி என் மேல் வாயில் உள்ளே தள்ளி ஒட்டினாய். “நாக்கு நுனியால அதத் தேடிக்கிட்டுப் போங்க. கிட்டப் போகணும், தொடக் கூடாது. அந்த எடத்துலருந்து சத்தம் விடுங்க.” இனிப்பைக் காட்டிவிட்டுத் தொடாதே என்றால் எந்த நாக்கு கேட்கும்? நான் தொட்டேன். தொட்டதும் கரைந்தது. கரைந்ததும் விழுங்கினேன். “இன்னொண்ணு ஒட்டு,” என்றேன். கருப்பட்டி தீர்ந்துகொண்டே வந்தது, ழ வரவில்லை. செல்விக்கும் திடீரென்று உச்சரிப்பில் சந்தேகங்கள் வந்து, தனக்கும் ஒன்று ஒட்டச் சொன்னாள்.

வந்தது எங்கே என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்ல ஆசை. சல்லடை அறையில் இயந்திரம் போடுகிற சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்ற தைரியத்தில், உலர்த்தும் அடுப்பைக் காட்டிச் சொல்ல வேண்டிய வார்த்தையைக் கத்திக் கத்திப் பழகிக்கொண்டிருந்தேன். கத்தின கத்தில் நாக்கு தானே மடிந்து, எங்கேயும் ஒட்டாமல், உள்ளே அந்தரத்தில் நின்றது. “ஃபயழ்.” எனக்கே புல்லரித்தது. மறுபடி கத்தினேன். “ஃபயழ், ஃபயழ்.”

மாரிமுத்து மணல் வாளியோடு ஓடி வந்தான். “எங்கடா தீ?”

“தீ இல்லடா. பாடம்.”

வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை நெடுநேரம் பார்த்தான். “மச்சான், நீ கம்போங் ராஜா வேணாம். நேரா தஞ்சோங் ரம்புத்தான் போயிரு லா,” என்றான். அது பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். எனக்குக் கோபம் வரவில்லை. என் ழ-வைக் கேட்டு ஒருவன் வாளி தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். இதைவிட ஒரு சர்ட்டிபிகேட் வேண்டுமா?

சனிக்கிழமை வந்தது. என் சட்டைக்கு நீ கஞ்சி போட்டதில் அது என்னைவிட நேராக நின்றது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் தலை நரைத்தவர்கள். துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசியில் நடந்தார்.

இங்கேதான் நீயும் நானும் யோசிக்காமல் விட்ட ஒன்று. உச்சரிப்பு உன்னுடையது அமெரிக்காவேதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நீ எனக்குக் கற்றுக்கொடுத்த ஒவ்வொரு வாக்கியமும் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற வாக்கியம். எனக்கு அது எப்படித் தெரியும்? இங்கிலீஷ் என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். துரை மட்டும் இங்கிலீஷில் ஏன் யாரையும் ‘ஸ்வீட்டி’ என்பதில்லை என்று ஒருமுறை யோசித்துமிருக்கிறேன். அவர் கொஞ்சம் முசுடு என்று விட்டுவிட்டேன்.

கொழுந்தை வாட வைக்கிற இடத்தில் எல்லாரையும் மோந்து பார்க்கச் சொன்னேன். “ஸ்மெல் ஸ்மெல். யம்மி?” ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே மோந்தார்கள். ஒரு குண்டு மனிதர் ஒரு பிடி இலையை எடுத்து வாய்க்குக் கொண்டு போனார். “நோ நோ, ஹனி. யக்கி,” என்றேன். கீழே போட்டார். பிறகு இரும்புப் படிக்கட்டு. மழை ஈரம். நீ அந்தப் பிள்ளைகளோடு கடைத்தெருவைத் தாண்டும்போது சொல்வது எனக்கு ஞாபகம் வந்தது.

“ஓகே, எவ்ரிபடி. ஹோல்ட் ஹேண்ட்ஸ்.”

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் ஒரு பாட்டி பக்கத்துக் கிழவரின் கையைப் பிடித்தார். பிறகு அடுத்தவர். அந்த நரைத்த கூட்டம் முழுவதும் கைகோத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கியது. கடைசியில் நின்ற பாட்டி திரும்பிப் பார்த்தார். துரையின் கை சும்மா இருந்தது. அதையும் பிடித்துக்கொண்டார். நம் துரை, மூன்று எஸ்டேட்டைக் கட்டி மேய்க்கிற துரை, கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கியதை ஃபேக்டரியே பார்த்தது. மாரிமுத்து சல்லடைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான், அவனால் நிற்க முடியவில்லை.

கடைசியில் தேத்தண்ணி கொடுக்கிற இடம். “ட்ரிங்க் இட் ஆல் அப்,” என்றேன். குடித்தார்கள். ஒவ்வொரு கோப்பையாகத் தீர்ந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்து, “ஆல் கான்? குட் ஜாப்,” என்றேன். சிரிப்பு அடங்கவே இல்லை. நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று தெரியாமல் எனக்கு வேர்த்தது. துரையின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. கம்போங் ராஜாவின் தக்காளி வரிசை வரிசையாகக் கண்ணில் தெரிந்தது.

அப்போது அந்தப் பாட்டி என் முன்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். வேகமாகச் சொன்னார். எனக்குக் கிடைத்தது ஒரே வார்த்தை, ‘மதழ்’. அவர் கண் ஈரமாக இருந்தது. துரை பக்கத்தில் வந்தார்.

“ஒன் பேச்சு அவங்க அம்மா பேச்சு மாதிரியே இருக்காம். சின்ன வயசுல கேட்டதாம்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “யாருய்யா ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?”

“என் சம்சாரம் துரை.”

“டீச்சரா?”

“இல்ல துரை. கொளுந்து எடுக்குது.”

பார், அமெரிக்கா முழுவதும் வாய்க்குள் வந்துவிட்டது, தமிழ் கொழுந்து மட்டும் இன்னும் கொளுந்துதான். துரை வேறு எங்கோ பார்த்துக்கொண்டு மீசையைத் தடவினார். சிரிப்பை அங்கே ஒளிக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. “திங்கக்கெளம வந்துரு. அந்த ஹனிய மட்டும் ஆம்பளைங்களுக்குச் சொல்லாத.”

நீ குழாயடியில் காலி வாளியோடு நின்றிருந்தாய். தண்ணீர் பிடிக்க வந்தவள்போல் நின்றாய், குழாயைத் திறக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்ததும், ஒன்றும் விசாரிக்காமல், “ஆல் கான்?” என்றாய்.

“ஆல் கான்.”

“குட் ஜாப்,” என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தாய். முகத்தைக் கழுவினாய். நிறைய நேரம் கழுவினாய்.

பிறகு ஒரு நாள், வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, “மழ வருது, துணிய எடு,” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. நீ உள்ளேயிருந்து ஓடி வந்தாய், துணிக்காக இல்லை. “இன்னொரு வாட்டி சொல்லுங்க.” சொன்னேன். “இன்னிக்குத்தான் ஒழுங்கா பெய்யுது,” என்றாய். அந்த மழையில் துணி முழுவதும் நனைந்தது. யாரும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அடங்கவில்லை. கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடுங்கி, “வாழைப்பழம் வழங்கப்படும்” என்று தேவைக்கு மேல் அறிவித்தேன். வாத்தியார் உயிரோடு இருந்திருந்தால் ரோத்தானை எனக்கே பரிசாகக் கொடுத்திருப்பார். “எங்கப்பா அமெரிக்காவுக்குப் போய்த் தமிழ் கத்துக்கிட்டு வந்தவரு,” என்று செல்வி சிநேகிதிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இருமல் போனது. வீடு நின்றது. அவள் பள்ளிக்கூட பஸ்ஸும் நிற்கவில்லை, அந்த வருஷமும் அதற்கு அடுத்த வருஷங்களும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் நீ எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னாய். “எல்லா ழ-வும் சொல்லிட்டீங்க. ஒண்ணு பாக்கி.”

“எது?”

“யோசிங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? அடுத்த கணமே தெரிந்துவிட்டது. ஆனால் நாற்பதைத் தாண்டியவன், மீசையில் நரை, பத்துக்குப் பத்தடி அறை, சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மாரிமுத்துவின் காது. திடீரென்று பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் லைனே எழுந்து உட்கார்ந்துவிடாதா? “நாளைக்குச் சொல்றேன்,” என்றேன். நீ தலையில் ஒரு குட்டு வைத்தாய். அது நமக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. “இன்னிக்கு நாளைக்கா?” என்பாய். “இல்ல, நாளைக்குத்தான் நாளைக்கு,” என்பேன். தீபாவளிக்குப் புதுச் சேலையைப் பிரித்தபோதுகூட, “சேல சரி, அது எங்க?” என்றாய். இரண்டு பேருக்கும் அதில் அவசரம் இல்லை. ஊரில் நாளைகள் நிறைய இருந்தன.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி சாயங்காலம். புதிதாக வந்த ஒரு சின்ன மிஸ்ஸி, சீன நர்ஸ் பெண், மருந்துத் தட்டோடு வந்து, அட்டையைப் பார்த்து உன் பெயரைக் கூப்பிட்டாள். அந்த ழ அவளிடம் மாட்டிக்கொண்டு பட்ட பாட்டைப் பார்த்து, நீ அவ்வளவு களைப்பிலும் என் பக்கம் திரும்பிச் சிரித்தாய். “பாவம், ஒங்க சொந்தக்காரி போல,” என்றாய். பிறகு உதட்டை நனைத்துக்கொண்டு, விளையாட்டாக, அந்தப் பிள்ளைகள் கேட்பதுபோலக் கேட்டாய். “வாரழ்.”

“வாரழ்,” என்று சொல்லி ஊட்டினேன். கோப்பையைக் காட்டி, “ஆல் கான்,” என்றாய்.

பார்வை நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். “போயிட்டு வரேன் செல்வியம்மா. காலைல பசியாற இட்லி கொண்டாறேன்,” என்றேன். கதவு வரைக்கும் போனேன். திரும்பினேன். நீ பார்த்துக்கொண்டிருந்தாய். என் நாக்கு மடிந்து மேலே போனது, கருப்பட்டி இருந்த இடத்துக்கு. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார், அவரைப் பார்க்க வந்தவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை மட்டும் ஆட்டினேன். நீயும் ஆட்டினாய். உதடு அசைந்தது. ‘நாளைக்கா?’ என்று கேட்டாய் என்றுதான் நினைக்கிறேன். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். காலையில் இட்லியோடு போனேன்.

அழுவதற்காக இதை எழுதவில்லை. உனக்கு ஒரு சேதி இருக்கிறது. செல்வி, தமிழ்ப்பள்ளியில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற நம் செல்வி டீச்சர், ஒரு பெண் குழந்தை பெற்றிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை முப்பதாம் நாள். எஸ்டேட் கணக்கு எழுதுகிற கிராணியின் ஆபீஸ் போனில் கூப்பிட்டாள்.

“அப்பா, பேர் முடிவு பண்ணியாச்சு. அம்மா பேருதான். நீங்கதான் பாப்பா காதுல மூணு தரம் சொல்லணும்.”

“நானா? மாப்ள வீட்ல பெரியவங்க இல்லியா?”

“அவங்க யாருக்கும் ழ வராதுப்பா.”

போனை வைத்துவிட்டுக் கிராணியைப் பார்த்து ஏன் சிரித்தேன் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

மாரிமுத்துவிடம் சொன்னேன். “பச்சப் புள்ள காதுல போயி ஃபயழ்னு கத்திராத மச்சான்,” என்றான். வெள்ளைச் சட்டைக்கு நானே கஞ்சி போட்டுக் காய வைத்திருக்கிறேன், உன் அளவுக்கு விறைப்பு வரவில்லை. குலா மலாக்கா ஒரு வில்லை வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன், பழகுவதற்கு என்று. பாதி தீர்ந்துவிட்டது. விடிந்தால் செல்வி வீட்டுக்கு, மலையடிவாரம் தாப்பாவுக்கு இறங்குகிற முதல் பஸ்.

இத்தனை வருஷமாக, வருகிற பஸ்ஸுக்கெல்லாம் வாரழ் என்றும் ஷுகழ் என்றும் ஃபயழ் என்றும் சொல்லி, உன் பெயரின் நடு எழுத்தை மட்டும் ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் காதில் போட்டிருக்கிறேன். இப்போதும் அதே சமையலறை மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாரிமுத்து இருமுகிறான். ஞாயிற்றுக்கிழமை மூன்று தரம் சொல்வேன், ரகசியமாக, ஒரு சின்னக் காதுக்குள். அன்று அந்த ஆஸ்பத்திரிக் கதவில் நின்று, நாக்கு சரியான இடத்தில் மடிந்து காத்திருக்க, வாய்விட்டுச் சொல்லாமல் வந்ததும் அதே மூன்று எழுத்துத்தான்.